அருவிக்குச் செல்லும் பாதை

காஞ்சிபுரத்தில் பிறந்து, அவ்வூரிலேயே ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊருக்கு நாள்தோறும் வெளியூர்ப் பயணிகள் வருகின்றனர். காலையில் கயிலாசநாதர் கோயிலையும் ஏகாம்பரநாதர் கோயிலையும் பார்ப்பர்; நண்பகலுக்குள் காமாட்சியம்மனைத் தரிசிப்பர்; பிறகு பட்டுக்கடையில் ஒரு சேலையை விரித்துப் பார்த்து, "என்ன அழகு!" என்று வியந்து, விலை பேசி வாங்கிக்கொண்டு மாலைக்குள் ஊர் திரும்பிவிடுவர். அச்சேலையின் உடலையும் கரையையும் கோத்து நெய்வதற்காகக் குழித்தறியில் கால்களை இறக்கி உட்கார்ந்திருக்கும் நெசவாளரையும், அவர் பக்கத்தில் அமர்ந்து கரைக்குரிய நாடாவை எறிந்துகொடுக்கும் உதவியாளரையும் தேடிச் சென்று காண்பவர் மிகச் சிலரே. அழகைக் காண்கின்றனர், அழகு எவ்வாறு உண்டாயிற்று என்பதைக் காணாமலே செல்கின்றனர்.

இந்த மனக்குறை எனக்கு நெடுநாளாக உண்டு. ஆனால் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கடல் கடந்த ஒரு தீவில், நானும் அத்தகைய பயணிகளுள் ஒருவனாகவே இருந்தேன் என்பதை உணர்ந்து வெட்கினேன். அவ்வெட்கம் எனக்கு ஒரு வரலாற்றுப் பாடத்தைக் கற்பித்தது. நாற்பது ஆண்டுக்காலம் பிறருக்கு வரலாறு கற்பித்த ஒருவன் காலந்தாழ்த்திக் கற்ற பாடம் அது. அதனையே இன்று மாணவ மாணவியராகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இலங்கையின் மலைநாட்டையும் அங்குள்ள அருவிகளையும் காண வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் விருப்பம். எங்கள் ஊரில் அருவி இல்லை. பாலாற்றிலும் பெரும்பாலான மாதங்களில் மணலே ஓடுகிறது. ஆகவே அவ்விருப்பம் இயல்பானதே. சென்னையில் விமானம் ஏறினோம். ஒன்றரை மணி நேரத்துக்குள் கொழும்பை அடைந்தோம். அங்கிருந்து ஒரு மோட்டார் வண்டியை அமர்த்திக்கொண்டு கண்டிக்குப் புறப்பட்டோம். வண்டியை ஓட்டியவர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர். எங்களோடு பழகிய அளவுக்குத் தமிழும் பேசினார்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு 115 கிலோமீட்டர். பாதி வழிக்கு மேல் சென்றதும் சமவெளி முடிந்து மலை தொடங்குகிறது. கடுகண்ணாவைக் கணவாயில் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒருபுறம் செங்குத்தான பாறை, மறுபுறம் பள்ளத்தாக்கு. பழைய பாதை ஒரு பெரும்பாறையைக் குடைந்துகொண்டு சென்ற இடம் இன்றும் சாலையோரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டினால் உயர்ந்த வெண்ணிற நினைவுத் தூண் ஒன்று தோன்றும். வண்டியோட்டி அங்கே நிறுத்தினார்.

ஆங்கிலேயர் கண்டி அரசைக் கைப்பற்றியது 1815-ஆம் ஆண்டில். மலைக்கோட்டை போன்ற அந்நாட்டைத் தம் பிடியில் வைத்திருக்க வேண்டுமானால் படைகள் விரைந்து செல்லப் பாதை வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்தனர். 1820-களில் ஆளுநர் எட்வர்டு பார்ன்ஸ் என்பவரின் ஆணையால் இப்பாதை அமைக்கப்பட்டது. அதனைத் திட்டமிட்ட பொறியாளர் கேப்டன் டாசன் 1829-இல் இறந்தார். அவர் நினைவாக 1832-இல் எழுந்ததே அத்தூண்.

நான் அத்தூணை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது வண்டியோட்டி மெல்லச் சொன்னார்: "பாறையை உடைத்தவர்கள் எங்கள் ஊர்களைச் சேர்ந்தவர்கள், ஐயா. அவர்களுக்குத் தூண் இல்லை." அவர் சொன்னது உண்மையே. 'இராஜகாரியம்' என்பது சிங்கள மன்னர் காலத்திலிருந்து வந்த கட்டாய உழைப்பு முறை. நிலத்தை அனுபவிப்பவர் அதற்கு ஈடாக அரசுப் பணி செய்ய வேண்டும். ஆங்கிலேயர் அம்முறையைப் பாதை வெட்டுவதற்குப் பயன்படுத்திக்கொண்டனர். 1832-இல்தான் அது ஒழிக்கப்பட்டது. தூண் எழுந்ததும் கட்டாய உழைப்பு நீங்கியதும் ஒரே ஆண்டில் என்பதை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஆசிரியத் தொழிலின் பழக்கம் அது. எழுதிய பின்னர் மீண்டும் வண்டியில் ஏறி, காட்சிகளைப் பார்ப்பதில் மூழ்கிவிட்டேன்.

கண்டியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவை நோக்கிச் சென்றோம். அப்பாதையின் அழகைப் பற்றி நான் மிகுதியாகக் கூற வேண்டியதில்லை. இறம்பொடையில் 109 மீட்டர் உயரத்திலிருந்து நீர் விழுகிறது. சாலை அதன் அருகே வந்து, விலகி, மேலேறி, மீண்டும் வேறொரு வளைவில் அதனைக் காட்டுகிறது. மலைச்சரிவெங்கும் தேயிலை. தறியில் பாவு பூட்டியதுபோல் செடிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வரிசைகளுக்கிடையே முதுகில் கூடை சுமந்த பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். என் மனைவி வண்டியை நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்தார். படத்தில் மலை முழுவதும் அடங்கிற்று, அப்பெண்கள் புள்ளிகளாயினர்.

மாணவர்களே, அம்மலைச்சரிவுகள் ஒரு காலத்தில் அடர்ந்த காடு. அவை தேயிலைத் தோட்டமாக மாறிய கதை தேயிலையில் தொடங்கவில்லை, காப்பியில் தொடங்கியது. கண்டிப் பாதை வெட்டப்பட்ட அதே 1820-களில் ஆங்கிலேயர் அங்கே காப்பி பயிரிடத் தொடங்கினர். அடுத்த சில பத்தாண்டுகளில் காடுகள் அழிந்து காப்பித் தோட்டங்கள் பரவின. சிங்களக் குடியானவர்கள் தம் வயலை விட்டுத் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. ஆகவே தோட்டக்காரர்கள் கடலுக்கு இப்பால், தமிழ்நாட்டை நோக்கினர்.

தமிழ்நாட்டின் நிலை அப்போது எவ்வாறிருந்தது? திருச்சி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களில் மழை பொய்த்த ஆண்டுகள் பல. நிலமற்றவர், கடன்பட்டவர், சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டவர் ஆகியோருக்கு ஊரில் இருப்பதும் துன்பமாக இருந்தது; ஊரைவிட்டுப் போவதும் துன்பமாக இருந்தது. 1876 முதல் 1878 வரை நேர்ந்த தாது வருஷப் பஞ்சம் அத்துன்பத்தின் உச்சி. 'கண்டிச் சீமைக்குப் போனால் பிழைக்கலாம்' என்ற சொல் ஊர்தோறும் பரவிற்று. அச்சொல்லோடு கங்காணியும் வந்தார். கங்காணி என்பவர் ஆள் சேர்ப்பவர், மேற்பார்வை செய்பவர், முன்பணம் கொடுப்பவரும் அவரே. அம்முன்பணமே பின்னர்க் கடனாகக் கழுத்தைச் சுற்றியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குத் தொழிலாளி செல்ல வேண்டுமானால், அவர் பட்ட கடனைப் புதிய தோட்டம் ஏற்க வேண்டும். அதற்குரிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். 1921-ஆம் ஆண்டு வரை இம்முறை சட்டத்தின் துணையோடு நடந்தது.

நான் சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்ற தீவுக்கு அவர்கள் எவ்வாறு சென்றனர்? இராமநாதபுரக் கடற்கரை வரை நடை, அங்கிருந்து தோணி, மன்னார்க் கரையில் இறங்கியபின் மீண்டும் நடை. மன்னாரிலிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர். நீரற்ற காடு, யானையும் கரடியும் திரியும் காடு. வாந்திபேதியும் மலேரியாவும் கொண்டு சென்ற உயிர்கள் பல. வழியிலேயே விட்டுச் செல்லப்பட்ட நோயாளிகளும் உண்டு. பிழைத்தவர்கள் மாத்தளையில் மாரியம்மனை வணங்கி மேலும் மலையேறினர். 2023-ஆம் ஆண்டில், அம்மக்கள் மலையகத்துக்கு வந்த 200-ஆம் ஆண்டு நினைவாக, அவர்களுடைய வழித்தோன்றல்களும் நண்பர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் நடந்து சென்றனர்.

காப்பி, பருவந்தோறும் அறுவடையாகும் பயிர். ஆகவே காப்பிக் காலத்தில் பெரும்பாலும் ஆண்களே வந்து, அறுவடை முடிந்ததும் ஊருக்குத் திரும்பினர். 1869-ஆம் ஆண்டில் ஒரு பூஞ்சை நோய் காப்பி இலைகளில் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் ஏறக்குறைய முற்றும் அழிந்தன. அதற்குச் சற்று முன், 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். அது மலை முழுவதும் பரவிற்று. தேயிலைக்குப் பருவம் இல்லை. வாரந்தோறும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். பெண்களின் கைகள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் வந்தன. வந்தவை அங்கேயே தங்கின. ஒரு நீண்ட கூரையின் கீழ் அடுத்தடுத்த சிறு அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். அதற்கு 'லயம்' என்று பெயர். 1867-இல் கண்டியை எட்டிய இருப்புப்பாதை, 1885-இல் நானுஓயாவையும் 1924-இல் பதுளையையும் அடைந்தது. இன்று உலகெங்குமிருந்து வருவோர் அந்த இரயிலின் வாயிலில் நின்று காட்சிகளைக் கண்டு களிக்கின்றனர். அது முதலில் இறக்கிய சரக்கு காப்பியும் தேயிலையும் ஆகும்.

இவற்றையெல்லாம் நான் நூல்களில் படித்திருந்தேன். வகுப்பில் சில வரிகளாகக் கற்பித்துமிருந்தேன். ஆயினும் அம்மலைப்பாதையில் செல்லும்போது ஒன்றேனும் என் நினைவுக்கு வரவில்லை. அழகு என் கண்ணை நிறைத்துவிட்டது. நினைவு வந்தது மூன்றாம் நாளில்தான்.

நுவரெலியாவின் உயரம் 1,868 மீட்டர். ஆகஸ்டு மாதத்திலும் கம்பளிச் சட்டை வேண்டும். அங்கிருந்து ஹட்டனுக்குச் செல்லும் பாதையில் தலவாக்கலையைத் தாண்டிச் சென்றோம். ஒரு திருப்பத்தில் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் அகன்ற அருவி ஒன்று படிப்படியாய் இறங்கிக்கொண்டிருந்தது. சாலையோரப் பலகையில் அதன் பெயர் மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருந்தது. தமிழில், 'சென்கிளேயர்'.

அப்பெயரை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கேட்டிருக்கிறேன்.

1974-ஆம் ஆண்டில் நான் எட்டாம் வகுப்பு மாணவன். அவ்வாண்டின் நடுவில் ஒரு பையன் எங்கள் வகுப்பில் வந்து சேர்ந்தான். இலங்கையிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து, பாட்டனாரின் ஊர் செய்யாற்றுப் பக்கம் என்பதால் இப்பக்கம் வந்த குடும்பம். தந்தையார் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். அப்பையனின் பேச்சு எங்கள் பேச்சிலிருந்து சற்று வேறுபட்டிருந்தது. நாங்கள் அவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'சிலோன்' என்றே அழைத்தோம்.

ஒருநாள் பூகோள வகுப்பில் ஆசிரியர், "அருவியை நேரில் பார்த்தவர் யார்?" என்று கேட்டார். குற்றாலம் என்ற பெயரை எல்லோரும் அறிந்திருந்தோம், பார்த்தவர் எவருமில்லை. அவன் ஒருவனே எழுந்தான். "எங்கள் லயத்திலிருந்து பார்த்தால் அருவி தெரியும், சார். அதன் பெயர் சென்கிளேயர். மழை நாளில் அதன் இரைச்சலில் அம்மா கூப்பிடுவது கேட்காது" என்றான். பெயரின் ஒலி எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது; வகுப்பே சிரித்தது. ஆசிரியர் அடக்கியபின் அமைதி உண்டாயிற்று. மணி அடித்ததும் நான் அவனிடம் சென்று, நண்பர்கள் கேட்கும்படி, "அவ்வளவு நல்ல ஊரை விட்டுவிட்டு இங்கே ஏன் வந்தாய்?" என்றேன்.

அவன் விடை கூறவில்லை. என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு சென்றான். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் பள்ளிக்கு வரவில்லை. வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். பிறகு அக்குடும்பம் ஊரையே விட்டுச் சென்றது.

'ஏன் வந்தாய்?' என்பது நல்ல கேள்வி. வரலாறு கேட்கும் முதற்கேள்வியும் அதுவே. ஆனால் நான் அதனை விடை அறிவதற்காகக் கேட்கவில்லை. அவனைத் தாழ்த்துவதற்காகக் கேட்டேன். அவன் கூறாத விடையை இப்போது நான் கூறுகிறேன்.

இலங்கை 1948-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் விடுதலை பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தமிழர் வாக்களித்தனர். இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றனர். தலவாக்கலைத் தொகுதியில் வென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை என்ற கவிஞர். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டமும் 1949-இல் வந்த சட்டங்களும் அத்தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கின, வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் சார்பாக ஒருவரும் நாடாளுமன்றம் செல்லவில்லை. அத்தீவில் பிறந்து, அத்தீவின் ஏற்றுமதிப் பொருளை விளைவித்து, அத்தீவின் மண்ணில் பெற்றோரைப் புதைத்தவர்கள், அத்தீவின் குடிகள் அல்லர் என்று கூறப்பட்டனர். இந்தியாவும் அவர்களைத் தன் குடிகளாக ஏற்கவில்லை.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றவராக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும்; 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும்; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும். 1974-இல் அவர்களும் 75,000 பேராக இரண்டு பங்காகப் பிரிக்கப்பட்டனர். மாணவர்களே, இவ்வெண்களைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் கழித்தலும் வகுத்தலும் சரியாகவே உள்ளன. ஆனால் ஒரு லயத்தில், ஒரே அடுப்பைச் சுற்றி அமர்ந்திருந்த குடும்பத்தில், தமையன் ஒரு பங்கிலும் தம்பி மறு பங்கிலும் விழுந்தனர்.

1973, 1974 ஆகிய ஆண்டுகளில் இலங்கையில் கடும் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. தோட்டங்களில் பட்டினி மிகுந்தது, இறப்பும் மிகுந்தது. புறப்படத் தயங்கியிருந்தவர்களும் புறப்பட்டனர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோயிருந்தமையால், தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள் இராமேசுவரத்தில் இறங்கினர். 1984-இல் போர்ச் சூழலால் அக்கப்பல் நிற்கும் வரை அவ்வாறு வந்துகொண்டிருந்தனர். நீலகிரியில் அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுவே பின்னர்த் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. சிலர் ஆலைகளுக்குச் சென்றனர். சிலர் சிறுதொழிலுக்குக் கடன் பெற்று, பழக்கமில்லாத தொழிலில் அக்கடனை இழந்தனர். தாயகம் திரும்பியோர் என்று அரசு அவர்களை அழைத்தது. பெரும்பாலோர் அத்தாயகத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டனர். என் வகுப்பில் வந்து சேர்ந்த பையன் அவர்களுள் ஒருவன். அவன் வரவில்லை, அனுப்பப்பட்டான்.

அருவியின் எதிரே சாலையோரத்தில் ஒரு சிறு தேநீர்க் கடை இருந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் அவித்த சோளமும் விற்றுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "இந்தியாவிலிருந்தா வந்திருக்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டார். காஞ்சிபுரம் என்றேன். "எங்கள் சித்தப்பா குடும்பம் கூடலூரில் இருக்கிறது. அப்பா இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். சித்தப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். எழுபத்து மூன்றில் இரயில் ஏற்றிவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு சித்தப்பாவை நான் பார்க்கவே இல்லை" என்றார். அவர் குரலில் வருத்தம் மிகுதியாகத் தெரியவில்லை. பலமுறை சொல்லிப் பழகிய செய்தியைச் சொல்வது போலவே சொன்னார்.

என் பள்ளித் தோழனைப் பற்றி அவரிடம் கேட்டேன். அருவி தெரியும் லயங்கள் அப்பக்கம் பல. அக்காலத்தில் சென்ற குடும்பங்களும் பல. பெயரைக் கேட்டார். சிறிது நேரம் யோசித்தேன். பெயர் நினைவுக்கு வரவில்லை. 'சிலோன்' என்று மட்டுமே அழைத்த ஒருவனின் பெயர் எனக்கு எவ்வாறு நினைவிருக்கும்? அதனைப் பெரியவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. மறந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அவர் பேச்சை மாற்றினார். "பகலில் வந்தீர்கள், அருவியைப் பார்த்தீர்கள். இரவில் வந்தால் இவ்வளவு தண்ணீர் இராது, ஐயா. எல்லாம் மின்சாரத்துக்குப் போய்விடும்" என்றார். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012-இல் இயங்கத் தொடங்கியது. தலவாக்கலையில் ஓர் அணை கட்டி, ஆற்றின் நீரைச் சுரங்கவழியே திருப்பி மின்சாரம் எடுக்கின்றனர். அருவி அழிந்துவிடும் என்று பலர் எதிர்த்தமையால், பகல் வேளையில் குறிப்பிட்ட அளவு நீரை அருவிக்கு விடுவது என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. தாய் அழைப்பது கேட்காதபடி இரைந்த அருவி, இப்பொழுது அளந்து விடப்பட்ட நீரில் பகற்பொழுதில் காட்சி தருகிறது. மின்சாரமும் நாட்டுக்கு வேண்டும். 1950-இலேயே லக்சபானா நீர்மின் நிலையம் அம்மலைநீரால் இயங்கத் தொடங்கியது. நான் குறை கூறவில்லை. என் தோழன் விட்டுச் சென்ற அருவி அது அன்று என்பதை மட்டும் கண்டேன்.

ஊர் திரும்பியபின் பழைய நூல்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். எங்கள் காஞ்சியின் வரலாற்றில், நான் பலமுறை கற்பித்தும் உற்று நோக்காத ஒரு செய்தி இருந்தது. ஏறத்தாழக் கி.பி. 640-இல் சீன யாத்திரிகர் ஹியூன் சாங் காஞ்சிக்கு வந்தார். அங்கிருந்து சிங்களத் தீவுக்குச் செல்வது அவர் நோக்கம். ஆனால் அத்தீவிலிருந்து ஏறத்தாழ முந்நூறு பிக்குகள் காஞ்சிக்கு வந்திருப்பதை அவர் கண்டார். அரசர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சமும் குழப்பமும் மிகுந்துள்ளன, ஆகவே இங்கு வந்தோம் என்று அவர்கள் கூறினர். ஹியூன் சாங் அவர்களோடு அமர்ந்து நூற்பொருள் குறித்து உரையாடினார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. அதே நூற்றாண்டில் மானவர்மன் என்ற இலங்கை அரசகுமாரன் நாடிழந்து பல்லவ மன்னன் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்தான். பல்லவர் படைத்துணையோடு சென்ற முதல் முயற்சி தோற்றது. இரண்டாம் முயற்சியில் அவன் அரசைப் பெற்றான் என்று சூளவமிசம் என்ற இலங்கை நூல் கூறுகிறது.

காஞ்சியில் இருந்தோர் அந்தப் பிக்குகளிடமும், 'ஏன் வந்தீர்கள்?' என்றுதான் கேட்டிருப்பர். அக்கேள்விக்கு விடை கிடைத்தது. அவ்விடையை ஒருவர் கேட்டு எழுதியும் வைத்தார். ஆகவேதான் ஏழாம் நூற்றாண்டு இலங்கையில் பஞ்சம் இருந்தது என்பதை நாம் இன்று அறிகிறோம். அதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், பஞ்சத்தாலும் குழப்பத்தாலும் அதே தீவிலிருந்து அதே ஊருக்கு ஒரு பையன் வந்தான். அவன் வாய் திறப்பதற்குள் நாங்கள் சிரித்துவிட்டோம். அவன் அறிந்திருந்த வரலாறு அவனோடு சென்றுவிட்டது.

மாணவ மாணவியரே, நீங்கள் விடுமுறையில் மலைகளுக்கும் தீவுகளுக்கும் செல்லுங்கள். அருவிகளைக் கண்டு மகிழுங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் உங்கள் வண்டி ஏறிச் செல்லும் பாதையை யார் வெட்டினர் என்று ஒருமுறையேனும் கேளுங்கள். எங்கள் ஊருக்கு வந்தால், பட்டுக்கடைக்குச் செல்லுமுன் ஏதேனும் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் பத்து நிமிடம் உட்காருங்கள். தறி ஓடும் ஓசை கேட்கும். உங்கள் வகுப்பில் நடுவாண்டில் ஒரு மாணவர் வந்து சேர்ந்தால், அவர் பேச்சு உங்கள் பேச்சைப்போல் இல்லாவிட்டால், முதலில் அவர் பெயரைக் கேளுங்கள். கேட்டு நினைவில் வையுங்கள். பிறகு, ஏன் வந்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டபின் விடை வரும்வரை காத்திருங்கள்.

நான் காத்திருக்கவில்லை. இன்று அறுபது வயதைக் கடந்த என் தோழர் தமிழ்நாட்டில் எங்கேனும் இருக்கக்கூடும். வானொலி கேட்கவும் கூடும். சென்கிளேயர் அருவியை நான் பார்த்துவிட்டேன் என்று அவரிடம் சொல்ல விரும்புகிறேன். அன்று அவர் சொன்னது உண்மை. மழை பெய்துகொண்டிருந்தது, பள்ளத்தாக்குக்கு இப்பால் நின்ற எங்களுக்கே அதன் ஓசை நன்றாகக் கேட்டது.